ஷெங்கன் நாள் கணிப்பான்: நாட்களை எண்ணித் தரும், அனுமதி தராது

ஷெங்கன் என்பது தமக்கிடையே எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பகுதி. ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஷெங்கன் குறுகியகாலத் தங்கல் கணிப்பானை இரண்டு பயணங்களைத் திட்டமிடும்போது பயன்படுத்தினேன். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசகர் ஒருவர் சொன்ன கணக்கு தவறு என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்தச் சிறிய கருவிதான்.

ஷெங்கன் நாடு ஒன்றில் படிக்கும் என் மகளைப் பார்க்க ஜூன் 1ஆம் தேதி சென்று ஆகஸ்ட் 31ஆம் தேதி திரும்ப எண்ணியிருந்தேன். மூன்று மாதம் தாராளமாகத் தங்கலாம் என்றார் அந்த ஆலோசகர். ஆனால் சட்டம் மாதக் கணக்கில் பேசுவதில்லை, எந்த 180 நாட்களுக்குள்ளும் 90 நாட்கள் என்றே சொல்கிறது. தேதிகளைக் கணிப்பானில் இட்டபோதுதான் என் பயணம் 92 நாட்கள் நீள்வது தெரிந்தது. உள்ளே நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாட்களாகவே எண்ணப்படுகின்றன. இரவு பதினொன்றரை மணிக்கு விமானம் தரையிறங்கினாலும் அது ஒரு நாள்தான். விடுதி முன்பதிவைப் பார்த்து இரவுகளை எண்ணிப் பழகியவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு நாளைத் தவறவிடுவது இதனால்தான்.

இதைவிடப் பெரிய குழப்பம் 180 நாட்களைப் பற்றியது. ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். 2013 அக்டோபர் 18 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அங்கே தங்கியிருக்கும் ஒவ்வொரு நாளிலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்களை எண்ணி, அவற்றுள் எத்தனை நாட்கள் உள்ளே இருந்தோம் என்று பார்க்க வேண்டும். லீப் ஆண்டு அல்லாத ஓர் ஆண்டில் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை தங்கினால் 90 நாட்களும் தீர்ந்துவிடும். அதன்பின் ஜூன் 30ஆம் தேதிதான் மீண்டும் நுழைய முடியும். இவ்வளவு எளிய பயணத்தைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். ஆனால் பத்து நாள், இருபது நாள் என்று நான்கைந்து பயணங்கள் சிதறிக் கிடந்தால் மனக்கணக்கு கைகொடுக்காது; கணிப்பானின் உண்மையான மதிப்பு அங்கேதான் தெரிகிறது. முந்தைய பயணங்களின் நுழைவு, வெளியேற்றத் தேதிகளையும் அடுத்துச் செல்லவிருக்கும் தேதியையும் கொடுத்தால், எத்தனை நாட்கள் மிச்சம் என்று சொல்லிவிடுகிறது.

இனி, அது சொல்லாதவை. உங்கள் விசாவில் அச்சிடப்பட்டிருப்பது அதற்குத் தெரியாது. விசாவில் செல்லுபடியாகும் காலம் ஒன்று, தங்கும் நாட்கள் வேறொன்று. ஒருமுறை நுழைவு விசாவில் பொதுவாக 15 நாள் சலுகைக் காலமும் செல்லுபடிக் காலத்தில் சேர்ந்திருப்பதால், 45 நாட்கள் செல்லும் விசாவில் 30 நாட்கள்தான் தங்க அனுமதி இருக்கலாம். கணிப்பான் 90 என்று காட்டுவதை நம்பி அங்கே இருந்துவிட்டால் அது விதிமீறல். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்னணு நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை, கூடுதலாகத் தங்கியவர்களைத் தானாகவே கண்டுபிடித்துவிடுகிறது.

குடியிருப்பு அனுமதியோ நீண்டகால விசாவோ பெற்று ஒரு நாட்டில் வாழ்ந்த நாட்களை இந்த 90இல் சேர்க்கக் கூடாது என்பதையும் கணிப்பான் தானாக அறியாது; அவற்றை இடாமல் விடுவது நம் பொறுப்பு. என் மகளின் விவரங்களைத் தெரியாமல் இட்டுப் பார்த்தபோது அவள் பல நூறு நாட்கள் மீறியிருப்பதாகக் கணக்கு வந்து, ஒரு மாலைப்பொழுது முழுவதும் கலங்கிப்போனேன். உடன் தரப்பட்டிருக்கும் வழிகாட்டியில் இதற்கு விளக்கம் உண்டு. ஆனால் அது சட்ட மொழியில் இருப்பதால் அமைதியாக இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது.

படிப்பு, வேலை, குடும்பத்துடன் சேர்தல் போன்ற நீண்டகாலத் தேவைகளுக்கு இதே ஆணையத்தின் குடிபெயர்வு இணையதளத்தைப் பார்க்க வேண்டும். நாடு வாரியாக நிபந்தனைகள் அங்கே தொகுக்கப்பட்டுள்ளன. நீல அட்டை எனப்படும் உயர்தகுதிப் பணியாளர் அனுமதி டென்மார்க்கிலும் அயர்லாந்திலும் இல்லை என்பது போன்ற வேறுபாடுகளை அறிய இது உதவும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தால் கிடைக்கக்கூடிய நீண்டகாலக் குடியிருப்பாளர் தகுதிக்கு, படிப்புக்காகத் தங்கிய ஆண்டுகளில் பாதி மட்டுமே கணக்கில் சேரும் என்பதை மாணவர்கள் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. நான்கு ஆண்டுப் படிப்பு இரண்டு ஆண்டுகளாகவே எண்ணப்படும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். விசாவில் உள்ள தங்கும் நாட்களையும் உள்ளிட ஒரு கட்டம் இருந்திருந்தால் ஐந்தும் தந்திருப்பேன். ஆகஸ்ட் 31 திரும்பும் பயணச்சீட்டை 28ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டேன். 89 நாட்கள், கையிருப்பாக ஒரு நாள்.