தொட்டிப் பாலமா, சுழலும் சக்கரமா, மலைக் குகையா: பிரிட்டனின் பழைய கால்வாய்களில் எந்தப் படகில் ஏறுவது?

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனின் சுரங்கங்களும் உலைகளும் ஆலைகளும் பெருகியபோது, அவற்றின் நிலக்கரியையும் சுண்ணாம்புக் கல்லையும் கம்பளியையும் அன்றைய மோசமான சாலைகளில் கொண்டுசெல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. வண்டியில் பூட்டிய ஒரு குதிரை ஒன்றிரண்டு டன் இழுப்பதே அரிது. அதே குதிரை கரையில் நடந்தபடி, கயிற்றால் கட்டிய படகில் 25 டன்னுக்கும் மேல் இழுத்துச் சென்றது. 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்டதும் மான்செஸ்டரில் நிலக்கரி விலை ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. அதன் பிறகு நாடெங்கும் கால்வாய் வெட்டும் வேகம் பற்றிக்கொண்டது. ரயில் வந்து அந்தத் தொழிலை மெல்ல விழுங்கிவிட்ட இன்று, அதே நீர்வழிகளில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. ஒரு நாள் மட்டுமே கையில் உள்ள பயணி எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு, வேல்ஸின் பொன்ட்கசுல்தே, ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க், வட இங்கிலாந்தின் ஸ்டாண்டெட்ஜ் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். காட்சியின் அழகு எனக்கு இரண்டாம் அளவுகோல்தான். இந்த நீர்வழியை மனிதர்கள் எதற்காக, எவ்வளவு பாடுபட்டு அமைத்தார்கள் என்பதை அந்தப் பயணம் உடலால் உணர்த்துகிறதா என்பதே முதல் அளவுகோல்.

குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப் பாலத்தின் மேல் நடந்தவர்களுக்குப் பொன்ட்கசுல்தேயை விளக்குவது எளிது. மாத்தூரில் பள்ளத்தாக்கைக் கடந்து போவது பாசன நீர். இங்கே டீ ஆற்றுக்கு 38 மீட்டர் உயரத்தில் நீரோடு படகும் கடந்து போகிறது. 1795இல் தொடங்கி 1805 நவம்பரில் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தைத் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் அமைத்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் படகைப் படிப்படியாக இறக்கி மறுபக்கம் ஏற்ற வேண்டுமானால், இரட்டைக் கதவுள்ள மதகுத் தொட்டிகளை, அதாவது லாக்குகளை, வரிசையாகக் கட்ட வேண்டியிருந்திருக்கும். அதற்குப் பணமும் நீரும் நேரமும் ஏராளமாகச் செலவாகியிருக்கும். கல் தூண்களின் மேல் வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்றைப் பொருத்திவிட்டால் அத்தனையும் மிச்சம் என்பதே அவர்கள் கண்ட வழி. பதினெட்டுத் தூண்களின் மேல், முந்நூறு மீட்டருக்கும் அதிக நீளத்துக்கு அந்தத் தொட்டி இன்றும் ஒழுகாமல் நிற்கிறது. நம் ஊரில் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்ததுபோல, இங்கே சாந்தில் மாட்டு இரத்தம் கலந்ததாகவும், இரும்புத் தகடுகளின் இணைப்புகளைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சிய வேல்ஸ் கம்பளித் துணியால் அடைத்ததாகவும் சொல்கிறார்கள்.

படகில் அமர்ந்தால் தெரியும் விஷயம் வேறு. ஒரு பக்கம் குதிரைகள் நடந்த பாதையும் அதற்குக் கம்பித் தடுப்பும் உண்டு; மறுபக்கம் தடுப்பு எதுவும் இல்லை. தொட்டியின் விளிம்பு நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரம்கூட இராது. ஜன்னலோரம் இருப்பவருக்கு அது கண்ணிலேயே படாமல், படகு வெறும் காற்றில் நகர்வதாகத் தோன்றும். உயரத்துக்கு அஞ்சுபவர்கள் குதிரைப் பாதைப் பக்கமாக உட்காருவது நல்லது. அந்தப் பாதை நீருக்கு மேலாகவே தாங்கி நிறுத்தப்பட்டிருப்பதையும் கவனியுங்கள்: தொட்டியின் அகலம் படகின் அகலத்தைவிடக் கூடுதலாக இருப்பதால், படகு முன்னே தள்ளும் நீர் பாதைக்கு அடியில் பின்னோக்கி ஓடி வழிவிடுகிறது. அந்த இடைவெளி இல்லையென்றால் ஒரு குதிரைக்கு இந்தப் படகு அசைந்தே கொடுத்திருக்காது. இத்தகைய சிறு நுணுக்கங்கள்தான் அந்தப் பொறியாளர்கள் மீது எனக்குப் பெருமதிப்பை உண்டாக்குகின்றன.

இந்தக் கால்வாய் பிழைத்த கதையும் சொல்லத் தக்கது. 1944இல் சட்டப்படி படகுப் போக்குவரத்து கைவிடப்பட்டது. ஆயினும் ஹார்ஸ்ஷூ அருவி என்னும் தடுப்பணையில் டீ ஆற்றிலிருந்து பிரியும் நீர் இந்த வழியாகவே ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போய்க் குடிநீராக வேண்டியிருந்ததால், கால்வாயைத் தூர்க்க முடியவில்லை. 2009இல் யுனெஸ்கோ இந்தப் பாலத்தையும் அதைச் சேர்ந்த 18 கிலோமீட்டர் கால்வாயையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ட்ரெவர் துறையிலிருந்து பாலத்தைக் கடந்து திரும்பும் பயணம் முக்கால் மணி நேரம் எடுக்கும். லாங்கொலென் துறையிலிருந்து குதிரை இழுக்கும் படகும் உண்டு. அந்தக் குதிரைப் படகு பாலத்துக்குப் போகாது என்பதை முன்பே தெரிந்துகொள்ளாமல் சீட்டு வாங்கிவிட்டு ஏமாறுபவர்கள் உண்டு. ஆயினும் இயந்திர ஒலியின்றி, குளம்பொலி மட்டும் கேட்க நீரில் வழுக்கிச் செல்லும் அந்த மெதுவான பயணத்தை அதற்காகவே மேற்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ஃபால்கிர்க்கில் நிலைமை நேர்மாறானது. 1790இல் முடிந்த ஃபோர்த்–கிளைட் கால்வாயும் 1822இல் திறக்கப்பட்ட யூனியன் கால்வாயும் இங்கே 11 லாக்குகளால் இணைந்திருந்தன. அந்தப் படிவரிசை 1933இல் அகற்றப்பட்டது. 1960களில் இரண்டு கால்வாய்களும் மூடப்பட்டன. அவற்றை மீண்டும் இணைக்க 2002இல் கட்டியதுதான் ஃபால்கிர்க் சக்கரம். இரு கைகளிலும் நீர் நிறைந்த தொட்டிகள் உள்ளன. படகு உள்ளே வரும்போது தன் எடைக்கு ஈடான நீரை வெளியே தள்ளிவிடுவதால், படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரு பக்கமும் எப்போதும் சம எடையில் நிற்கின்றன. அதனால் படகுகளை 24 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் அரைச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரமே போதுகிறது. ஆர்க்கிமிடீஸின் விதியைப் பள்ளிப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் அறியேன். மூடிய படகு, தட்டையான நடைபாதை, எடின்பரோவிலிருந்து அரை மணி நேர ரயில் என முதியோருக்கும் குழந்தைகளுக்கும் மூன்றில் மிக வசதியானது இதுவே.

ஆனால் கால்வாய்ப் பயணம் என்று பார்த்தால் இதில் கால்வாய் குறைவு. மேலே ஏறி, நீர்ப்பாலத்தைக் கடந்து, ரோமானியரின் அன்டோனைன் சுவருக்கு அடியில் குடைந்த சிறு குகைவழியாகப் போய், திரும்பி வந்து இறங்கிவிடுகிறோம். நாம் வியப்பதும் நம் காலத்துப் பொறியியலையே. கீழே நிற்கும் நீர் 1803இல் சார்லட் டண்டாஸ் என்ற நீராவிப் படகு இரண்டு சரக்குப் படகுகளை கிளாஸ்கோ வரை இழுத்துக் காட்டிய கால்வாயின் நீர். நீராவியின் வரலாற்றில் அது பெரிய நாள். அதை நினைவில் வைத்துக்கொண்டு போனால் சக்கரத்தைவிட அந்தக் கால்வாய் ஆழமாக மனத்தில் பதியும்.

மூன்றாவது இடத்தில் காட்சி என்று எதுவுமே இல்லை. ஹட்டர்ஸ்ஃபீல்டு ஒடுங்கிய கால்வாய் பென்னைன் மலையை ஸ்டாண்டெட்ஜ் குகைவழியாகக் கடக்கிறது. நீளம் 5 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மலையுச்சிக்குக் கீழே ஏறத்தாழ 194 மீட்டர் ஆழம். பிரிட்டனின் கால்வாய்க் குகைகளில் நீளத்திலும் ஆழத்திலும் கடல்மட்ட உயரத்திலும் இதுவே முதலிடம். 1794இல் தொடங்கிய வேலை 1811 வரை, பதினேழு ஆண்டுகள் நீண்டது. இரு முனைகளிலிருந்தும் வெடிமருந்தும் உளியும் கொண்டு குடைந்து வந்தவர்களின் பாதைகள் நேர்க்கோட்டில் அமையவில்லை. இடையில் அழைக்கப்பட்ட டெல்ஃபோர்ட்தான் வேலையை முடிக்கும் திட்டத்தை வகுத்துக் கொடுத்தார். செலவைக் குறைக்கக் குதிரைப் பாதை இல்லாமலே குடைந்தார்கள். ஆகவே குதிரையை அவிழ்த்து மலைமேல் நடத்திச் செல்ல, படகின் மேல் மல்லாந்து படுத்த ஆட்கள் குகைச் சுவரில் கால்களை ஊன்றி, சுவரிலேயே நடந்து நடந்து படகை நகர்த்தினார்கள். வெறும் படகுக்கு ஒரு மணி இருபது நிமிடம். சரக்கேற்றிய படகுக்கு மூன்று மணி நேரம்.

தலைக்கவசம் அணிந்து உள்ளே போகும் பயணி இதை விளக்கவுரை இல்லாமலே புரிந்துகொள்வார். சில இடங்களில் செங்கல் வளைவு, சில இடங்களில் உளி பட்ட பாறை அப்படியே. நீர் சொட்டுகிறது, கோடையிலும் குளிர் எலும்பைத் தொடுகிறது. திடீரென்று சுவருக்கு அப்பால் ரயில் ஓடும் இரைச்சல். பக்கத்து ரயில் குகைகளை வெட்டியபோது பாறைக் கழிவை வெளியேற்ற இந்தக் கால்வாயே பயன்பட்டது. தன் தொழிலைப் பறிக்கப்போகும் போட்டியாளனுக்கு அது சுமை தூக்கிக் கொடுத்தது. 1944இல் கைவிடப்பட்ட கால்வாய் 2001இல் மீண்டும் திறக்கப்பட்டதற்குப் பின்னால், அதை மறக்க மறுத்த தன்னார்வலர்களின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

லண்டனை விட்டு நகர முடியாதவர்களுக்கு ரீஜன்ட்ஸ் கால்வாயில் லிட்டில் வெனிஸிலிருந்து கேம்டன் வரை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படகுப் பயணம் உண்டு. இதமானது, ஆனால் பெரும்பாலும் தோட்டங்களையும் மாளிகைகளின் பின்புறத்தையும் பார்ப்பதாகவே முடியும். வழியில் மெக்கிள்ஸ்ஃபீல்டு பாலத்தின் இரும்புத் தூண்களை மட்டும் தவறவிடக் கூடாது. 1874இல் வெடிமருந்துப் படகு ஒன்று வெடித்துத் தகர்ந்த பாலத்தைத் திரும்பக் கட்டியபோது தூண்களைத் திருப்பி நிறுத்தியதால், குதிரைக் கயிறு அறுத்த தழும்புகள் இருபுறமும் தெரிகின்றன.

ஆகவே, முதன்முறையாக வருபவருக்கும் ஒரே ஒரு பயணம் செய்ய வாய்ப்புள்ளவருக்கும் பொன்ட்கசுல்தேயைத் தயங்காமல் சொல்வேன். அழகும் அறிவும் ஒரே படகில் கிடைப்பது அங்கேதான். பிள்ளைகளோடு ஸ்காட்லாந்து செல்பவர்கள் ஃபால்கிர்க்குக்குப் போகட்டும். ஆனால் நான் வகுத்த அளவுகோலின்படி முதலிடம் ஸ்டாண்டெட்ஜுக்கே. மான்செஸ்டர்–ஹட்டர்ஸ்ஃபீல்டு ரயிலில் மார்ஸ்டனில் இறங்கிக் கால்வாய்க் கரையோடு நடந்தால் சிறிது நேரத்தில் குகைவாய் வந்துவிடும். அரை மணி நேரச் சிறு பயணம் அடிக்கடி உண்டு. மறுமுனை வரை போகும் முழுப் பயணம் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே என்பதால் முன்பதிவு அவசியம். குளிர்காலத்தில் மூன்று இடங்களிலும் படகுகள் குறையும் அல்லது நிற்கும். மார்ஸ்டனில் படகிலிருந்து இறங்கிய பிறகு முழங்கால் இடம்கொடுத்தால் மலைமேலும் சற்று ஏறுங்கள்: காற்றுக்காகவும் கல் அகற்றவும் மேலிருந்து தோண்டிய செங்குத்துக் குழிகளின் பாறைக் கழிவுக் குன்றுகள், அடியில் குகை போகும் தடத்தைக் காட்டியபடி புல்வெளியில் வரிசையாகக் கிடக்கின்றன.