கிரீம் பாஸ்தா: மின்சார குக்கரா, அடுப்பா?

நேரம் மிச்சமாகும் என்று மின்சார பிரஷர் குக்கரை எடுத்தால், பாஸ்தாவில் அது பெரிதாக நடக்காது. அழுத்தம் ஏறவே ஏறக்குறைய 10 நிமிடம் போய்விடும். அடுப்பில் தண்ணீர் கொதிக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குக்கரின் லாபம் வேறு. பக்கத்தில் நிற்க வேண்டாம், கழுவ ஒரே பாத்திரம். அதைவிட முக்கியம், தண்ணீரை வடிப்பதில்லை. பாஸ்தாவின் மாவுச்சத்து உள்ளேயே தங்கி சாஸைக் கெட்டியாக்கும். அடுப்பில் அந்த வழவழப்பு வேண்டுமென்றால், வடிக்கும் முன் ஒரு கப் தண்ணீரை மறக்காமல் எடுத்து வைக்க வேண்டும். (பாதிப் பேர் மறப்பது அதைத்தான்.)

குக்கரில் பாஸ்தா மூழ்கும் அளவு தண்ணீர் போதும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் பாதி, அதிலும் ஒரு நிமிடம் குறைத்து வையுங்கள். பால், கிரீம், சீஸ் எல்லாம் மூடியைத் திறந்த அப்புறம்தான்; முன்பே ஊற்றினால் திரிந்துபோகலாம், அடியும் பிடிக்கும். ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், இல்லையென்றால் நுரை சீறும்.

அடுப்பின் பலம், நடுவில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கலாம் என்பது. பதத்தில் பிடிவாதமானவர்களுக்கு அதுவே சரி. ஸ்பகெட்டி போன்ற நீள வகைக்கும் அடுப்புதான். குக்கரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பென்னே (குட்டைக் குழாய் வடிவம்), சுருள் வகை என்றால் நான் குக்கர் பக்கம்.