எடை குறைந்த ஷாட்கன்னா, தோளை நோகடிக்காத ஷாட்கன்னா?

12 போர் (bore, குழல் விட்டத்தின் அளவு) ஷாட்கன் வாங்க நினைப்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது: 2.7 கிலோ அளவிலான வேட்டைத் துப்பாக்கி, அல்லது 3.6 கிலோவைத் தொடும் இலக்குச் சுடுதல் துப்பாக்கி. கடையில் கையில் ஏந்திப் பார்க்கும்போது எடை குறைந்ததே மனத்தைக் கவரும். அங்கே யாரும் சுட்டுப் பார்ப்பதில்லை அல்லவா?

28 கிராம் ஈயச் சிறுகுண்டுகள் கொண்ட தோட்டா, நொடிக்கு ஏறத்தாழ 365 மீட்டர் வேகத்தில் அவற்றை வெளியேற்றுவதாகக் கொள்வோம். வெடிமருந்தின் வாயுவையும் சேர்த்துக் கணக்கிட்டால், பின்னுதைப்பின் ஆற்றல் 3.6 கிலோ துப்பாக்கியில் சுமார் 19 ஜூலாகவும், 2.7 கிலோ துப்பாக்கியில் சுமார் 26 ஜூலாகவும் அமையும். அதாவது, எடையில் கால் பங்கைக் குறைத்தால் தோளில் விழும் அடி மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. நாள் முழுதும் நடந்து நாலைந்து முறை மட்டுமே சுடுபவருக்கு இது பொருட்டன்று. அவருக்குச் சுமை கையில்தான். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஒலிம்பிக் டிராப் போட்டியின் தகுதிச் சுற்றிலோ 125 தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெடிகள் வரை சுடலாம். அங்கே எடை கூடிய துப்பாக்கி தோளைக் காப்பதோடு, தட்டைப் பின்தொடரும் குழலின் வீச்சு நடுவில் நின்றுவிடாமல் சீராகத் தொடரவும் உதவுகிறது.

வலியைவிடக் கெடுதலானது, வலிக்கு அஞ்சும் பழக்கம். தோட்டாக்களுக்கு இடையே போலித் தோட்டா ஒன்றைச் சுடுபவருக்குத் தெரியாமல் கலந்து வைத்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்: விசையை இழுத்ததும் வெடி இல்லை, ஆனால் குழல்முனை சட்டென்று கீழே தாழ்கிறது, கண்ணும் மூடிக்கொள்கிறது.

எனினும், எடையைக் கூட்டுவதே ஒரே வழி என்று பலர் கருதுவதை நான் ஏற்கவில்லை. அதே வேகத்தில் 24 கிராம் தோட்டாவை இட்டால், 2.7 கிலோ துப்பாக்கியின் பின்னுதைப்பு 20 ஜூலுக்கு இறங்கி, 28 கிராம் சுடும் கனத்த துப்பாக்கியை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. ஒலிம்பிக் தட்டுச் சுடுதல் போட்டிகளின் உச்ச வரம்பே 24 கிராம்தான் என்பதால், அது இலக்கை உடைக்குமா என்ற ஐயத்திற்கு இடமில்லை. மாறாக, குழல் விட்டம் சிறிய 20 போர் வாங்கினால் உதை குறையும் என்று எண்ணி, 2.5 கிலோ துப்பாக்கியில் அதே 28 கிராமை இடுபவர் ஏமாந்தே போவார். உதையைத் தீர்மானிப்பது குழலின் விட்டமன்று.

வெடியின் வாயுவால் இயங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி மூன்றாவது வழி. அது உதையைச் சற்று நீண்ட நேரத்திற்குப் பரப்புவதால், 3.2 கிலோவிலேயே கனத்த இரட்டைக் குழலைவிட மென்மையாகத் தோன்றும். துடைத்துச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் கூடுதல். ஒரே துப்பாக்கியால் வேட்டை, பயிற்சி இரண்டையும் சமாளிக்க விரும்புபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

எதை வாங்கினாலும் தோளில் பதியும் பின்கட்டையின் அளவு பொருந்தாவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண். கட்டை குட்டையாக இருந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். மேல்விளிம்பு சரியில்லையென்றால் கன்னம் கன்றிப்போகும். இவற்றை ரப்பர் அட்டையாலும் இழைப்புளியாலும் சரிசெய்யலாம். இலகுவான துப்பாக்கியின் கட்டைக்குள் ஈயம் வைத்து எடை கூட்டவும் முடியும். ஆனால் பின்புறம் மட்டும் கனத்தால் குழல்முனை அலைபாயும் என்பதால், முன்பக்கமும் அதற்கு ஈடாக எடை சேர்க்க வேண்டும்.