எக்சோஸ் கசிவு: காஸ்கெட்டா, பேஸ்ட்டா, வெல்டிங்கா, புதுப் பைப்பா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் மோட்டார் சைக்கிளின் எக்சோஸ் (புகைக்குழாய்) கசிந்து படபடக்க ஆரம்பித்தால் நான்கு பேர் நான்கு வழி சொல்வார்கள். ஒருவர் காஸ்கெட் (பைப்பும் எஞ்சினும் சேரும் இடத்தை அடைக்கும் வளையம்) மாற்றச் சொல்வார், ஒருவர் பேஸ்ட் பூசச் சொல்வார், ஒருவர் வெல்டிங் கடைக்கு அனுப்புவார், இன்னொருவர் பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்வார். நான்குமே சரியான வழிகள்தான், அதனதன் இடத்தில். விலையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் இரண்டு முறை செலவு செய்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கசிவு எங்கே என்பது.

காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது திறந்த வெளியில் வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். அடைத்த கொட்டகைக்குள் வேண்டாம், எக்சோஸ் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தடித்த கையுறை போட்டு, மடித்த ஈரத்துணியால் வால்முனையை இரண்டு மூன்று விநாடி மட்டும் அழுத்திப் பிடித்தால், புகை வேறு வழி தேடி ஓட்டையில் 'உஸ்' என்று வெளியேறும். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் அந்த இடத்தில் நுரை கொப்பளிக்கும். சூடேறிய பைப்பில் தண்ணீர் பட்டவுடன் ஆவியாகிவிடும் என்பதால் எஞ்சின் ஆறியிருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

சத்தமும் துப்புக் கொடுக்கும். ஆறிய எஞ்சினில் 'டிக் டிக்' என்று அடித்து, சூடேறியதும் குறைந்தால் சந்தேகம் ஹெட் வாயில்தான், அதாவது எஞ்சினின் தலைப்பகுதியில் பைப் சேரும் இடத்தில். உலோகம் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது. அங்கே காஸ்கெட்டைச் சுற்றிக் கரி படிந்திருப்பதும் கண்ணில் படும். திராட்டலை விட்டதும் 'பட் பட்' என்று வெடித்தால், ஓட்டை வழியாகக் காற்று உள்ளே புகுந்து எரியாத பெட்ரோல் பைப்புக்குள் பற்றுகிறது என்று அர்த்தம்.

சைலன்சரின் அடிப்பக்கத்தில் பல வண்டிகளில் ஊசி கனத்தில் ஒரு துவாரம் இருக்கும். அது கசிவு இல்லை, தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே போட்டது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக்கும் (காலையில் பேர் கூப்பிடும் இடம்), பெரட்டிலிருந்து தோட்டத்துக்கும் என்று குட்டிக் குட்டியாக ஓடும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடேறுவதே இல்லை. ஆவி உள்ளேயே நீராகித் தேங்குகிறது. அந்தத் துவாரத்தையும் வெல்டு வைத்து மூடிவிட்டால் பைப் உள்ளிருந்து உளுத்துப் போகும். வெளியிலிருந்து வேலை செய்வது உரம்: செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) போடும் பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு. மூட்டையை ஏற்றி இறக்கும்போது பைப்பில் சிந்தியதைக் கழுவாமல் விட்டால் துரு வேகமாகப் பிடிக்கும்.

காஸ்கெட்

ஹெட் வாயில் கசிவு என்றால் வேறு யோசனையே வேண்டாம், காஸ்கெட்தான். கப்சாய் என்கிற சின்ன மோட்டாருக்கு இது சில ரிங்கிட் பொருள். ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் ஈப்போவில் கிடைக்கும். செலவு குறைவு, பலன் முழுசு. ஆனால் நான்கு வழிகளில் கை தவறினால் அதிகம் சேதம் வருவதும் இதில்தான், காரணம் பைப்பை ஹெட்டோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்டட் (தலையில்லாத திருகாணி). ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் மழையிலும் கிடந்த நட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். ஒரே மூச்சில் திருப்பினால் ஸ்டட் முறிந்து ஹெட்டுக்குள் நின்றுவிடும்.

முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். மறுநாள் எஞ்சினைச் சற்று வெதுவெதுப்பாக்கி, நட்டை முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் அசைத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். முனை திறந்த ஸ்பேனரைவிட ஆறு பக்கமும் கவ்வும் சாக்கெட் நல்லது. முறிந்தே போனால் நீங்களாக எக்ஸ்டிராக்டரை (முறிந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் கருவி) திருக வேண்டாம். அது கடினமான எஃகு, உள்ளே உடைந்தால் டிரில்லும் ஏறாது. முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து திருப்பி எடுப்பதுதான் தேர்ந்த கைகள் செய்யும் வழி. வெல்டின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும்.

பைப்பை எடுத்ததும் ஹெட் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய காஸ்கெட் கரியோடு கரியாக ஒட்டி, வாயின் பாகமே போலத் தெரியும். அதை எடுக்காமல் மேலேயே புதுசை வைப்பதுதான் "புதுக் காஸ்கெட் போட்டும் நிற்கவில்லை" என்ற புகாருக்கு முதல் காரணம். சிறிய திருப்புளியால் ஓரத்தை மெல்ல நெம்பி எடுங்கள். ஹெட் அலுமினியம் என்பதால் ஆழக் கீறினால் அந்தக் கீறலே அடுத்த கசிவு. புதுசு கீழே விழாமல் இருக்க ஒரு பொட்டு கிரீஸ் தடவி வாயில் ஒட்டுங்கள். இரண்டு நட்டையும் கையால் திருகிவிட்டு, பின்னால் இருக்கும் பிராக்கெட் போல்ட்டையும் தளர்வாக மாட்டுங்கள். அதன் பின் முன் நட்டுகளை மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்க வேண்டும், பின் போல்ட்டைக் கடைசியில். பின்னால் முதலில் இறுக்கினால் பைப் சாய்ந்து இழுத்துக்கொள்ளும், காஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் வாயைத் திறந்துகொண்டிருக்கும். இறுக்க அளவு காட்டும் டார்க் ரெஞ்சு இருந்தால் சர்வீஸ் புத்தகத்தின் அளவைப் பின்பற்றுங்கள். பொதுவாக 6 மி.மீ. நட்டுக்கு 10, 8 மி.மீ. நட்டுக்கு 22 நியூட்டன் மீட்டர் சுற்றளவில் வரும். ஒரு முறை சூடேற்றி, ஆற விட்டு, மறுபடி இறுக்கம் பார்க்கவும். கழற்றிய காஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள், அது ஒரு முறை நசுங்கி அடைக்கவே செய்யப்பட்டது.

கடை மூடியிருக்கும் நாளில் செம்புக் கம்பியை வளையமாக்கி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மென்மையாக்கி வைப்பார்கள். செம்பு 1085 டிகிரியில்தான் உருகும், அதனால் சில நாள் தாங்கும். பானத் தகரத்து அலுமினியத்தை வெட்டி வைப்பது வீண் வேலை. 660 டிகிரியில் உருகும் உலோகத்தை எஞ்சினின் மிகச் சூடான வாயில் வைப்பதில் பொருளில்லை.

பேஸ்ட்

"அண்ணே, இப்போதைக்குப் பூசி விடுங்க, சம்பளம் வரட்டும்" என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் பூசும் இடம் சரியாக இருக்க வேண்டும். சைலன்சர் உடம்பில் குண்டூசித் துளை, தையல் ஓரத்தில் மயிர் விரிசல் போன்றவற்றுக்கு எக்சோஸ் பேஸ்ட் உதவும். கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, இடத்தை லேசாக நனைத்து, பூசி, டப்பாவில் சொன்ன நேரம் காய விட்டு, பிறகு பத்து நிமிடம் ஐட்லிங்கில் இறுக விட வேண்டும். உடனே ஓட்டினால் உள்ளே உள்ள ஈரம் கொதித்துக் குமிழ் விடும். காய்ந்த பேஸ்ட் சிமெண்ட் போல நொறுங்கும் குணம் உடையது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில், லேட்டரைட் சாலைக் குழியில், அது நெடுநாள் தாங்காது. விரல் நகம் அளவு ஓட்டை என்றால் மேலே தகரம் சுற்றி இரண்டு கிளிப் போட்டு இறுக்கினால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

ஹெட் வாயில் பேஸ்ட் பூசுவது வேண்டவே வேண்டாம். சிவப்பு சிலிகான் அதைவிட மோசம், 300 டிகிரி சுற்றுவட்டத்தைத் தாங்கும் பொருள் அது. பாரம் ஏற்றி மேடு ஏறும்போது அந்த வாயில் வரும் புகையோ 600 டிகிரியைத் தாண்டும். கருகி உதிரும், அடுத்து காஸ்கெட் போட வருபவருக்குச் சுரண்டும் வேலைதான் மிச்சம்.

பலர் யோசிக்காத ஒன்று: பேஸ்ட் பூசிய இடத்தில் வெல்டு பிடிக்காது. முழுவதும் கிரைண்டர் போட்டு எடுக்க வேண்டும், அப்போது ஏற்கெனவே மெலிந்த தகரம் இன்னும் மெலியும். அடுத்த மாதம் வெல்டிங் செய்வது உறுதி என்றால் பூசாமல் தகரமும் கிளிப்பும் மட்டும் போட்டு ஓட்டுவது புத்திசாலித்தனம்.

வெல்டிங்

வளைவில் ஓட்டை, பைப் சைலன்சரோடு சேரும் இடத்தில் வெடிப்பு, பிராக்கெட் முறிவு ஆகியவற்றுக்கு இதுதான் நிலையான வைத்தியம். ஒரு நிபந்தனை: ஓட்டையைச் சுற்றி நல்ல இரும்பு மிஞ்சியிருக்க வேண்டும். திருப்புளி முனையால் சுற்றிலும் தட்டுங்கள். 'டங்' என்றால் வேலைக்கு ஆகும், மொத்தென்று பள்ளம் விழுந்தால் அந்தப் பைப் முடிந்தது.

பைப்பின் தகரம் 1 மி.மீ. சொச்சம்தான். கேட் செய்யும் கடையில் 3.2 மி.மீ. ராடை வைத்து ஆர்க் அடித்தால் மூட வந்த ஓட்டை இரண்டு மடங்காகும். ஆர்க் என்றால் 2.0 மி.மீ. ராடு, 40 முதல் 60 ஆம்பியர், புள்ளி புள்ளியாக வைத்து ஆற விட்டு நிரப்ப வேண்டும். கேஸ் வெல்டிங்கோ மிக் (MIG) வெல்டிங்கோ இருக்கும் கடை கிடைத்தால் அங்கே போங்கள், ஸ்டெயின்லெஸ் பைப்புக்கு டிக் (TIG) வெல்டிங். துருவை வெட்டி எடுத்து, நல்ல இரும்பின் மேல் ஒரு சென்டிமீட்டர் ஏறும்படி ஒட்டுத் தகடு வைத்தால் தாங்கும். ஓட்டையை மட்டும் நிரப்பினால் பக்கத்திலேயே அடுத்தது கிளம்பும். ஹெட்டில் சேரும் வாய்க்குப் பக்கத்தில் வெல்டு என்றால் அந்த முகத்தை ஒரு தடித்த தகட்டில் போல்ட் போட்டுப் பிடித்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள், இல்லையேல் முகம் கோணி எந்தக் காஸ்கெட்டும் அடைக்காது.

பைப்பைக் கழற்றித்தான் கொடுக்க வேண்டும். வண்டியில் இருக்கும்போதே அடித்தால் மின்சாரம் எஞ்சின் பேரிங் வழியாகவும் சிடிஐ, இசியு போன்ற மின்னணுப் பெட்டிகள் வழியாகவும் பாய்ந்து, எக்சோஸைவிடப் பெரிய செலவை இழுத்துவிடும். குரோம் பூச்சை வெல்டு விழும் இடத்தில் தேய்த்து எடுக்க வேண்டும், அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம். பிராக்கெட் மறுபடி மறுபடி முறிந்தால் வெல்டைக் குறை சொல்லாமல் எஞ்சின் மவுண்டிங் போல்ட்டையும் தேய்ந்த ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள்.

யமஹா ஆர்எக்ஸ்இசட், 125இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இந்த வேலையில் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றின் பைப்பின் உட்புற வடிவமே எஞ்சினின் பலம். திரும்பி வரும் அழுத்த அலைதான் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளிப் பிடிக்கிறது. வயிற்றுப் பகுதியில் சின்னக் கசிவும் இழுவையைக் குறைக்கும், பேஸ்ட் அங்கே கணக்கிலேயே இல்லை. உள்ளே படிந்த எண்ணெய்க் கரியையும் முதலில் எரித்து எடுக்காவிட்டால் வெல்டில் துளை துளையாக விழும்.

புதுப் பைப்

தட்டினால் பல இடத்தில் பள்ளம் விழுகிறதா, உள்ளே தடுப்புத் தகடு கழன்று குலுங்குகிறதா, வேறு வழியில்லை. ஒரிஜினல் விலை கூடுதல், பொருத்தம் சுத்தம். கார்புரேட்டர் வைத்த ஹோண்டா இஎக்ஸ்5, பழைய மோடெனாஸ் கிறிஸ் போன்ற வண்டிகளுக்கு ஒரிஜினல் மாதிரி செய்த மலிவு பைப்பே போதும் என்பது எங்கள் கருத்து. வாங்குமுன் இரண்டு ஸ்டட் துவாரமும் பிராக்கெட்டும் நெம்பாமல் உட்காருகின்றனவா என்று மாட்டிப் பாருங்கள். நெம்பி மாட்டிய பைப் சில மாதத்தில் விரிசல் விடும்.

எஃப்.ஐ. வண்டிக்கு (கார்புரேட்டருக்குப் பதில் இஞ்செக்டர் வைத்தது) இந்தச் சலுகை இல்லை. ஆக்சிஜன் சென்சர் பைப்பில் இருக்கும் மாடல் என்றால் புதுசிலும் அதற்கான துவாரம் அதே இடத்தில் இருக்க வேண்டும். சென்சருக்கு முன்னால் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று இசியு நினைத்துக் கூடுதலாக ஊற்றும். பெட்ரோல் செலவு ஏறியதற்குக் காரணம் தெரியாமல் இஞ்செக்டரைக் கழுவிக்கொண்டிருப்பவர்கள் முதலில் பைப்பைப் பார்க்கட்டும்.

பழைய சாமான் கடைப் பைப்பைத் தட்டிப் பார்த்து எடுத்தால் லாபம். சத்தத்துக்காக விற்கும் ரேசிங் பைப்பை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். போலீசும் ஜேபிஜேயும் (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் எழுதுவது ஒரு பக்கம், அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகும் வீடுகளுக்கு நடுவே இரவில் அதை ஓட்டுவது அநியாயம்.