கையெழுத்தா, ஒலிவத் தோப்பா?

இஸ்ரேல்-பாலஸ்தீன மோதலில் அமைதிக்காக மதத்தார் எதைச் செய்வது மேல்: அறிக்கையில் கையெழுத்திடுவதா, களத்தில் இறங்கி நிற்பதா? 2002 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூத, கிறிஸ்தவ, முஸ்லிம் மதத் தலைவர்கள் கூடி ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் கான்டர்பரி பேராயர் ஜார்ஜ் கேரி, கெய்ரோவின் புகழ்பெற்ற இஸ்லாமியக் கல்வி மையமான அல் அஸ்ஹரின் தலைமை இமாம் தந்தாவி, இஸ்ரேலின் ரபி (யூத மதகுரு) மெல்கியோர் என்று பெரிய பெயர்கள். கடவுளின் பெயரால் அப்பாவிகளைக் கொல்வது அவர் பெயரையே களங்கப்படுத்துவது என்றது அறிக்கை. இரண்டாம் இந்திஃபாதா (இஸ்ரேலுக்கு எதிரான பாலஸ்தீனர்களின் எழுச்சி) உச்சத்தில் இருந்தபோது அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். சரி, அப்புறம்? சில வாரங்களில் வன்முறை இன்னும் மோசமானது. காகிதத்துக்குக் காவல் யார்?

இன்னொரு வழி, 1988இல் இஸ்ரேலில் தொடங்கிய 'மனித உரிமைகளுக்கான ரபிகள்' அமைப்பு. ஒலிவ அறுவடைக் காலத்தில் இவர்கள் இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள மேற்குக் கரைத் தோப்புகளுக்குப் போய், பாலஸ்தீன விவசாயிகளோடு நின்று காய் பறிக்கிறார்கள். அங்கே குடியேறிய இஸ்ரேலியர்கள் தாக்க வந்தால் அடி இவர்களுக்கும் விழும். நீதிமன்றத்தையும் விடவில்லை. இவர்களும் சேர்ந்து தொடுத்த வழக்கில், விவசாயிகள் தம் நிலத்துக்குப் போக ராணுவம் பாதுகாப்பு தரவேண்டும் என்று 2006இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாக்குதல்கள் அதோடு நின்றுவிடவில்லை என்பதும் உண்மை.

இதில் ஒரு குறை: இது ஒரு மதத்தாரின் அமைப்பு. மூன்று மதத்தாரும் சமமாக அமரும் மேசை அலெக்சாந்திரியாவில்தான் இருந்தது. இமாமின் கையெழுத்துக்கு மசூதியில் இருக்கும் மதிப்பு ரபியின் பேச்சுக்கு அங்கே கிடைக்காது. ஆனாலும் என் ஓட்டு தோப்புக்குத்தான்.