ட்யூபுலர் பேட்டரி: கரண்ட் கம்பி எட்டாத வீட்டுக்குத் தாங்குமா?

சொந்த சோலாரில் ஓடும் வீட்டில் பேனல் 25 வருஷம் உழைத்துவிடும். முதலில் காலை வாருவது பேட்டரிதான். ட்யூபுலர், அதாவது தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் லெட்-ஆசிட் பேட்டரி, நல்ல சரக்கு; ஆனால் பராமரிப்புக்கு ஆள் இருக்கும் வீட்டுக்கு மட்டும்.

வாங்கும்போது லேபிளில் சி10-ஆ, சி20-ஆ என்று பாருங்கள், அதாவது கொள்ளளவை பத்து மணி நேரத்தில் இழுத்து அளந்ததா, இருபது மணி நேரத்திலா என்று. சோலாருக்கு சி10 வேண்டும். அதே 150 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், கொள்ளளவு) சி20-இல் போட்டிருந்தால் பத்து மணி நேரத்தில் இழுக்கும்போது அவ்வளவு கிடைக்காது. 12 வோல்ட் 150 ஏ.எச். என்பது கணக்குக்கு 1,800 வாட்-ஹவர். பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் ஆயுள் மளமளவெனக் குறையும், ஆகவே 900-ஐ வைத்தே லோடு போடுங்கள். திரும்ப ஏற்ற 15 ஆம்பியர் அளவுக்கு சார்ஜ் வேண்டும். பேனல் போதாமல் வாரக்கணக்கில் அரை சார்ஜில் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் இறுகிப்போகும். அது எளிதில் மீளாது.

தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை இண்டிகேட்டரை முழுசாக நம்பாதீர்கள். அழுக்குப் படிந்தால் குச்சி மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே பிளேட் காய்ந்துகொண்டிருக்கும். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தீக்குச்சி கூடவே கூடாது, வருவது ஹைட்ரஜன். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், ஆசிட் ஊற்றாதீர்கள். ஃபுல் சார்ஜ் ஆன பிறகு ஊற்றுவதே முறை. முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள்.

கையில் ஒரு ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) கட்டாயம். ஃபுல் சார்ஜில் ஆறு செல்லும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 0.030 குறைந்தால் ஈக்வலைஸ் சார்ஜ் (எல்லா செல்லையும் சமப்படுத்த வேண்டுமென்றே கூடுதலாகப் போடும் சார்ஜ்) கொடுத்துப் பாருங்கள். அப்படியும் ஏறாவிட்டால் அந்த செல் போச்சு. டெர்மினலில் பூக்கும் உப்பை சோடா உப்புக் கரைசலால் கழுவி வாசலின் தடவினால் போதும். கரைசல் செல்லுக்குள் இறங்கிவிடக் கூடாது.

வெப்பம் இதன் எமன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள்.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடென்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பக்கம் போங்கள். தண்ணீர் வேலை இல்லை, 80 சதவீதம் வரை இறக்கலாம். ஆனால் உள்ளிருந்து செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். போர்டு போனால் வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று: நான்கு பேட்டரி செட்டில் ஏதோ ஒன்று மட்டும், இரண்டு மூன்று வருஷம் கழித்துப் போனால், புதுசு ஒன்றை மட்டும் சேர்க்காதீர்கள். பழையவை புதுசையும் சீக்கிரம் தங்கள் நிலைக்கே இழுத்துவிடும். முழு செட்டையும் மாற்றுவதற்கான தொகையை முதல் வருஷத்திலிருந்தே ஒதுக்கி வையுங்கள்.