கடலோர நிலம்: கவுன்சிலே வச்சுக்கணுமா, லீஸுக்கு விடணுமா, டிரஸ்டுக்கே எழுதிக் கொடுத்துடணுமா?

போன வருஷம் எங்க ஏரியா கவுன்சில் ஒரு கன்சல்டேஷன் வச்சாங்க. கடலோரத்துல அவங்களுக்குச் சொந்தமான புல்வெளி, பாறை மேடு, கீழ இறங்குற படிக்கட்டு எல்லாத்தையும் ஒரு இயற்கைப் பாதுகாப்பு டிரஸ்டுக்கு மாத்தலாமான்னு கேட்டிருந்தாங்க. இது இங்கிலாந்தோட வடகிழக்குக் கரை. நான் இங்க பத்து வருஷமா இருக்கேன், ஞாயித்துக்கிழமை காலைல குப்பை பொறுக்குற வாலண்டியர் குழுவுல ஒருத்தன், அவ்ளோதான் என் தகுதி. குழு சார்பா ஒரு பதில் அனுப்பணும்னு மூணு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டோம். கடைசியில எழுதிக் கொடுத்துடலாம்னுதான் நானும் கை தூக்கினேன், ஆனா ஒரு கண்டிஷனோட. அதைக் கீழ சொல்றேன்.

முதல்ல எல்லாரும் பயப்படுற விஷயம், "கேட்டைப் பூட்டிட்டா?" அதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. 2009-ல வந்த கடலோரச் சட்டப்படி இங்கிலாந்து கரை முழுக்க நடைபாதை போட்டுட்டு வர்றாங்க, நிலம் யார் பேர்ல இருந்தாலும் அந்தப் பாதைல நடக்கலாம், கரை அரிச்சுட்டுப் போனா பாதையை உள்பக்கமா தள்ளிப் போடுறதுக்கும் வழி இருக்கு. அதனால அதை விட்டுடுவோம்.

கவுன்சிலே வச்சுக்கிறதுல ஒரு பெரிய நல்லது, பிடிக்கலன்னா ஓட்டுப் போட்டு மாத்தலாம். ஆனா பார்க், புல்வெளியெல்லாம் பராமரிக்கணும்னு கவுன்சிலுக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. வயசானவங்களைப் பாத்துக்கிறது, குழந்தைங்க பாதுகாப்பு இதெல்லாம் கட்டாயம், அதனால காசு இறுகும்போது முதல்ல கத்திரி விழுறது புல்லு மேலதான். பர்மிங்காம், நாட்டிங்ஹாம் ரெண்டும் 2023-ல பட்ஜெட்டைச் சமாளிக்க முடியலன்னு அறிவிச்சதைப் பாத்தோமே. எங்க ஊர் அனுபவம் இன்னும் சின்னது. 2021 நவம்பர்ல ஆர்வென் புயல் அடிச்சதுல படிக்கட்டோட கீழ்ப்பாதி போச்சு, செவப்பு டேப் கட்டி ஒரு போர்டு வச்சாங்க, அந்த டேப் காத்துல கிழிஞ்சு, புது டேப் கட்டி, அதுவும் கிழிஞ்சு, ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான் மரக்கட்டை வந்துச்சு. மெயில் போட்டா நல்லா மரியாதையா பதில் வரும், ஆள்தான் வர மாட்டாங்க.

லீஸுக்கு விடுறது நடுவாந்திரமான வழி. மில்டன் கீன்ஸ்ல 1992-ல பார்க் எல்லாத்தையும் ஒரு டிரஸ்டுக்கு 999 வருஷ லீஸுக்குக் கொடுத்தாங்க, நல்லா ஓடுது. கடலோரத்துலயே வேணும்னா டோர்பேல 1999-ல ஆரம்பிச்ச ஒரு டிரஸ்ட், பெரி ஹெட் முனை மாதிரி கவுன்சில் நிலத்தை லீஸுக்கு எடுத்து நடத்தினாங்க. லீஸ்ல இருக்குற ஒரு இடத்துல நான் வேலை செஞ்சது ரெண்டு சீசன்தான், அதை வச்சுப் பெருசா தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா அங்க கண்ணால பாத்தது, வேலி விழுந்தா இது சொந்தக்காரன் செலவா குத்தகைக்காரன் செலவான்னு ரெண்டு ஆபீஸும் மாத்தி மாத்தி லெட்டர் போட்டுட்டு இருந்தாங்க, ஆடு பாட்டுக்கு உள்ள வந்து மேஞ்சுட்டுப் போச்சு. இன்னொண்ணு, "லீஸ்தானே, கொடுத்த மாதிரி ஆகாது"ன்னு நினைக்காதீங்க. 7 வருஷத்துக்கு மேல லீஸ் விட்டா 1972 உள்ளாட்சிச் சட்டத்துல அதுவும் நிலத்தைக் கைமாத்துற கணக்குதான். பொது வெளியா இருந்தா உள்ளூர் பேப்பர்ல தொடர்ந்து ரெண்டு வாரம் விளம்பரம் போட்டு ஆட்சேபணையெல்லாம் கேக்கணும். ஷ்ரூஸ்பரில டவுன் கவுன்சில் இப்படி விளம்பரம் போடாம விளையாட்டு மைதானத்துல ஒரு பகுதியை வித்துட்டாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2023-ல, வித்தாலும் மக்களோட உரிமை போகலன்னு தீர்ப்பு வந்து, அங்க வீடு கட்டக் கொடுத்த அனுமதியே ரத்தாச்சு.

சரி, எழுதிக் கொடுக்குறது. எனக்கு நம்பிக்கை கொடுத்தது சவுத் ஷீல்ட்ஸ் பக்கம் இருக்குற கடலோரப் புல்வெளி. அந்த இடத்தோட பேரே லீஸ், குத்தகை லீஸ் இல்ல, குழுவுல இதை விளக்கவே பத்து நிமிஷம் போச்சு. மார்ஸ்டன் பாறையும் அதுவும் 1987-ல இருந்து நேஷனல் டிரஸ்ட்ங்கிற பெரிய பாதுகாப்பு அமைப்போட கைல இருக்கு. இன்னிக்கும் கிரேட் நார்த் ரன் ஓட்டம் அங்க வந்துதான் முடியுது, பட்டம் விடுறவங்க பட்டம் விடுறாங்க, ஒண்ணும் குடிமுழுகிப் போகல. நேஷனல் டிரஸ்டுக்கு இன்னொரு பலம், 1907 சட்டப்படி ஒரு நிலத்தை 'கைமாத்த முடியாதது'ன்னு அறிவிச்சுட்டா அவங்களே நினைச்சாலும் விக்க முடியாது, அடமானமும் வைக்க முடியாது. ஆனா இந்தப் பவர் இங்க எல்லா டிரஸ்டுக்கும் கிடையாது, நிறைய பேர் இதுல ஏமாறுறாங்க. எங்க விஷயத்துல வந்தது ஒரு சின்ன டிரஸ்ட். அதனால பத்திரத்துலயே விக்கக் கூடாது, டிரஸ்டைக் கலைச்சா நிலம் திரும்பி வரணும்னு எழுதி, லேண்ட் ரெஜிஸ்ட்ரிலயும் பதிய வைக்கணும்னு கேட்டோம்.

இதெல்லாம் வக்கீல் பாத்துப்பாங்க. என்னைக் கேட்டா முடிவு பண்ற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், வருஷா வருஷம் பராமரிக்கக் காசு எங்க இருந்து வரும். நிலத்தோட விலையைப் பத்தி மீட்டிங்ல அவ்ளோ சண்டை, "ஒரு பவுண்டுக்கா கொடுக்குறது, மக்கள் சொத்தாச்சே"ன்னு. எங்களுக்குக் கொஞ்சம் தெக்கால, டர்ஹாம் கரைல இருக்குற ஹார்டன்ல நடந்ததைப் பாருங்க. 1988-ல நேஷனல் டிரஸ்ட் அங்க ஒரு மைல் கரையை பிரிட்டிஷ் கோல்ங்கிற அரசு நிலக்கரி நிறுவனத்துக்கிட்ட இருந்து ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினாங்க, 1965-ல கடலோரத்தைக் காப்பாத்த ஆரம்பிச்ச நெப்டியூன் திட்டத்துல அது 500-வது மைல். நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவைக் கொட்டிக் கொட்டி மணலே கறுப்பாகிக் கிடந்த கரை அது. பக்கத்துல இருந்த ஈசிங்டன் சுரங்கம் 1993-ல மூடின பிறகு, பல அமைப்புங்க சேந்து 1997-ல இருந்து 2002 வரைக்கும் அந்த டர்ஹாம் கரையைச் சுத்தம் பண்ணினதுக்கு ஒரு கோடி பவுண்டு ஆச்சு. வாங்கின விலை ஒரு பவுண்டு! நம்ம ஊர்ல யானை வாங்குறவனைக் கேட்டா தீனிக் கணக்கைத்தான் முதல்ல சொல்லுவான்.

அதனாலதான் நேஷனல் டிரஸ்ட், ஒரு சொத்தை ஏத்துக்கிறதுக்கு முன்னாடி அது எவ்வளவு சம்பாதிக்கும், எவ்வளவு தின்னும்னு சோர்லி ஃபார்முலான்னு ஒண்ணு வச்சுக் கணக்குப் போடுறாங்க. துண்டு விழுற தொகைக்கு வைப்பு நிதி சேத்துக் கொடுத்தாத்தான் வாங்கிப்பாங்க. இங்கிலீஷ்காரங்க அதை வரதட்சணைன்னே சொல்றாங்க, எனக்கு முதல்ல கேட்டப்ப சிரிப்பு வந்துச்சு, பொண்ணு கொடுக்குற வீடு சீர் செஞ்சே ஆகணுமாம். மில்டன் கீன்ஸ் நல்லா ஓடுறதுக்குக் காரணமும் 999 வருஷம் இல்ல, அப்பவே வாடகை வர்ற கட்டடங்களையும் சேத்து டிரஸ்டுக்குக் கொடுத்ததுதான். பணம் இல்லாம புல்லை மட்டும் கைல கொடுத்தா, ஊதியக்காரர் ஒருத்தர், வாலண்டியர் நாலு பேர்னு ஓட்டி, ஒரு புயலுக்கு அப்புறம் அவங்களும் செவப்பு டேப்தான் கட்டுவாங்க.

கடலோரத்துல சம்பாதிக்கிற சொத்துன்னா அது கார் பார்க் ஒண்ணுதான். பாறை சம்பாதிக்காது, பறவை சம்பாதிக்காது. டிரஸ்டுக்கு கார் பார்க்கும் போச்சுன்னா பார்க்கிங் கட்டணம் ஏறும், நேஷனல் டிரஸ்ட் மாதிரி இடத்துல மெம்பர்னா ஃப்ரீ, உள்ளூர்க்காரன் காசு கொடுக்கணும்னு புலம்பல் வரும், எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா இதுக்காகவே எதிர்த்து எழுதினார். அவர் கோபம் எனக்குப் புரியுது. ஆனாலும் கார் பார்க் இல்லாம நிலத்தை மட்டும் கொடுக்குறதுக்கு, கவுன்சிலே வச்சுக்கலாம்னுதான் சொல்லுவேன். என் கண்டிஷன் அதான்: கார் பார்க் சேத்து, பத்து வருஷப் பராமரிப்புக்காவது ஒரு தொகையும் சேத்து, உள்ளூர்க்காரங்களுக்கு வருஷ பாஸ் குறைஞ்ச விலைல. குழுவுல பதினாலு பேர்ல ஒம்பது பேர் ஒத்துக்கிட்டாங்க, பதிலை அனுப்பிட்டோம்.

கன்சல்டேஷன் பேப்பரோட ஒரு மேப் வச்சிருந்தாங்க, கொடுக்கப் போற நிலத்தைச் சுத்தி செவப்புக் கோடு. கார் பார்க் அந்தக் கோட்டுக்கு வெளிய இருந்துச்சு. திருத்தின மேப் அனுப்புறோம்னு சொல்லி நாலு மாசம் ஆச்சு, இன்னும் வரல.